ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தாலும்: கிராமத்தில் சர்க்கரை நோயோடு நலமாக வாழும் வழிகள்

சர்க்கரை நோய் என்றதும் பேச்சு நேராக எண்ணுக்குப் போய்விடுகிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு? எண்கள் வேண்டும்தான். ஆனால் ஒருவர் நன்றாக வாழ்கிறாரா என்பது அந்த எண்களில் முழுதாகத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பயன்படுத்தும் 26 கேள்விப் படிவத்தில் தூக்கம், வேலை செய்யும் தெம்பு, செலவுக்குப் பணம், போக்குவரத்து, மருத்துவ வசதி, நண்பர்களின் ஆதரவு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கேள்வி இருக்கிறது. கிராமத்தில் சர்க்கரை நோயோடு வாழ்பவர்களிடம் கேட்டால் அவர்களை வாட்டுவதும் இவைதான் என்று தெரியும். ஆறாத புண்ணால் வேலைக்குப் போக முடியவில்லை, நடுராத்திரி வியர்த்து எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, வண்டி கிடைக்கவில்லை.

அதனால் இந்த வழிகாட்டியை எண்ணிலிருந்து தொடங்காமல், அன்றாட வாழ்க்கையைப் பறித்துக்கொள்ளும் விஷயங்களிலிருந்து தொடங்குகிறோம். முதலிடம் காலுக்கு.

கால்: தினமும் ஐந்து நிமிடம்

சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் கால் நரம்புகள் மெல்ல மரத்துப்போகும். வலி தெரியாது என்பதுதான் ஆபத்து. முள் குத்தினால் நல்ல கால் உடனே தூக்கிக்கொள்ளும். மரத்த கால் அதே முள்ளின் மேல் நாள் முழுக்க நடக்கும். ஒவ்வொரு அடியிலும் புண் நசுங்குகிறது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவதற்குத் தேவையானது அங்கே போய்ச் சேராது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த ரத்தக் குறைவு இன்னும் சீக்கிரம் வரும்.

உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் உருவான தொடு பரிசோதனை இது. நோயாளி செருப்பு, காலுறையைக் கழற்றிவிட்டு, படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். எந்தக் காலில் தொடுகை தெரிந்தாலும் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்ல வேண்டும். வீட்டார் ஒருவர் ஆள்காட்டி விரல் நுனியால் கால்விரலின் நுனியை ஒன்று அல்லது இரண்டு விநாடி மட்டும் லேசாகத் தொட வேண்டும். வரிசை இப்படி: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, வருடக் கூடாது. சொல்லாமல் விட்ட விரலை மறுபடி தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் கால் மரத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதைச் சொல்ல வேண்டும். ஆறும் தெரிந்தாலும் வருடம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள்.

தினசரிப் பார்வைக்கு மாலை நேரம் நல்லது, வேலை முடிந்து கால் கழுவும் வேளை. முதலில் தண்ணீரின் சூட்டைக் கையின் முழங்கையால் பாருங்கள். மரத்த காலுக்குக் கொதிநீரும் வெதுவெதுப்பாகத்தான் தோன்றும். கழுவலாம், ஊறவைக்கக் கூடாது. ஊறிய தோல் வெடிக்கும். விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள், ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும், அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். குதிகால் வறண்டிருந்தால் வாஸ்லின் அல்லது ஏதாவது எண்ணெய் தடவலாம், ஆனால் இடுக்குகளில் தடவ வேண்டாம். பிறகு உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு இடுக்கு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் சிறு கண்ணாடி வைத்து அதன் மேல் காலை நீட்டிப் பார்க்கலாம். பார்வை மங்கியவருக்கு வேறொருவர்தான் பார்க்க வேண்டும்.

தேட வேண்டியது புண் மட்டும் இல்லை. ஒரே இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறியிருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் விழுகிறது. காய்ப்பின் நடுவில் கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, புண் உள்ளே தொடங்கிவிட்டது. பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் கால்ஆணி மருந்து போடுவதும் கூடாது. அந்த மருந்தில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். இன்னொன்று, புண் எதுவும் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருந்தால் பாத எலும்பு உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். வலி இல்லை என்று நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வடிவமே மாறிவிடும். காலை ஊன்றாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. விரலிடை வார் உள்ள செருப்பு மரத்த காலுக்கு ஆகாது. வார் அறுத்தாலும் தெரியாது, செருப்பு நழுவிப் போனாலும் தெரியாது. முன்பக்கம் அகலமாக, பின்பக்கம் பட்டையோடு, பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குங்கள். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து வெட்டி, அதைச் செருப்புக்குள் விட்டுப் பாருங்கள். காகிதம் மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல், ஆணி முனை, பூச்சி எதுவும் இருக்கலாம்.

சேற்றிலும் நீரிலும் இறங்கும் வேலை என்றால் ரப்பர் பூட்ஸ், உள்ளே பருத்திக் காலுறை. நனைந்த காலுறையை உடனே மாற்ற வேண்டும். அதோடு, கால் மரத்தவருக்குச் சேற்று வேலையை மாற்றித் தரச் சொல்லிக் குடும்பத்தாரும் உடன் வேலை செய்பவர்களும் முன்வர வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறோம். விதை பிரிப்பது, கணக்குப் பார்ப்பது, கால்நடைக்குத் தீனி வைப்பது என்று உலர்ந்த தரையில் செய்யும் வேலைகள் எத்தனையோ உண்டு.

தூங்கும்போது நடப்பது பலருக்கும் தெரியாது. மரத்த கால்விரலை எலி கடித்து, காலையில் படுக்கையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்ற நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. சாப்பாட்டு வாசம் போகக் காலைக் கழுவித் துடைத்துவிட்டு, தளர்வான காலுறை போட்டு, கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுத் தூங்க வேண்டும். குளிர்காலத்தில் அடுப்பு, கணப்பு பக்கம் காலை நீட்டக் கூடாது.

புண் வந்துவிட்டால்: சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியோ காஸோ சுற்றி, அந்தக் காலை ஊன்றாமல், 24 மணி நேரத்துக்குள் சுகாதாரப் பணியாளரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். சாம்பல், பச்சிலை, பொடி எதையும் வைக்க வேண்டாம். அவை புண்ணை மூடி மறைத்து, உள்ளே சீழ் பிடிப்பதைத் தெரியாமல் செய்துவிடும். நாற்றம், கருத்த தோல், சீழ், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரி என்றாலும் கிளம்ப வேண்டும். விரலைக் காப்பாற்ற முடியுமா இல்லையா என்பது சில நேரம் அந்த ஒரு நாளில் முடிவாகிவிடும்.

சர்க்கரை இறங்கிப்போவது

‘லோ’ ஆகிவிடுமோ என்ற பயம் ஒருவரை வேலைக்குப் போகவிடாமல், தனியாக வெளியூர் போகவிடாமல் முடக்கிவிடும். சிலர் அந்தப் பயத்தில் மருந்தைத் தாங்களே பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். பயம் போக ஒரே வழி, எப்போது இறங்கும், இறங்கினால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது.

முதலில் உங்கள் மருந்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இது அபூர்வம். அந்த மூன்று மாத்திரைகளுக்கும் பொதுவான சட்டம்: சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை.

அடையாளங்கள்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல், எரிச்சல், குழறிய பேச்சு. பார்ப்பவர்களுக்குக் குடித்திருப்பது போலத் தோன்றும். அதனால்தான் உடன் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் கருவியில் 70 மில்லிகிராமுக்குக் கீழே (சில நாடுகளின் கருவிகளில் 3.9க்குக் கீழே) காட்டினால் சர்க்கரை இறங்கிவிட்டது. கருவி பக்கத்தில் இல்லையென்றால் சோதிக்கக் காத்திருக்க வேண்டாம், இறங்கியதாகவே வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

1. சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி நிறைய, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். குளுக்கோஸ் பொடி இருந்தால் அதே அளவு. பழச்சாறு என்றால் அரைத் தம்ளருக்குச் சற்று மேலே, சுமார் 150 மில்லி.

2. உட்கார்ந்து 15 நிமிடம் காத்திருங்கள். நடக்கவோ வேலையைத் தொடரவோ கூடாது.

3. மறுபடி பாருங்கள். 70க்கு மேல் ஏறாவிட்டால், அல்லது நடுக்கம் நிற்காவிட்டால், இன்னொரு 15 கிராம்.

4. சரியானதும், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், தானியத்தில் செய்த ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் சாப்பிடுங்கள். சர்க்கரை சீக்கிரம் தீர்ந்துவிடும், மருந்தின் வேகம் அவ்வளவு சீக்கிரம் தீராது.

சாக்லேட்டும் பிஸ்கட்டும் இதற்கு உதவாது, கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் அந்த மாத்திரைகள் குடலில் சர்க்கரை உடைவதையே தடுக்கின்றன. அவர்கள் குளுக்கோஸ் பொடிதான் வைத்திருக்க வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. ஒருக்களித்துப் படுக்க வைத்து வண்டிக்கு ஆள் அனுப்புங்கள். வீட்டில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்து, போடத் தெரிந்தவர் இருந்தால் போடலாம். கிளிபென்கிளமைடு சாப்பிடுபவர் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அந்த மருந்து உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கும். முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் இது அதிகம். அவர்களுக்கு வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கடின வேலை நாளில் கணக்கு மாறும். நடவு, அறுவடை, மூட்டை தூக்குவது போன்ற வேலை உள்ள நாளில் உடம்பு சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும். வேலை முடிந்த பிறகும், அன்று இரவு வரைகூட இறங்கலாம். அப்படிப்பட்ட நாட்களில் இன்சுலினை எவ்வளவு குறைப்பது, இடையில் என்ன சாப்பிடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடக்கவோ குனிந்து வேலை செய்யவோ போகிறீர்கள் என்றால் அந்த வேளை ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுங்கள், வேலை செய்யும் தசை பக்கத்தில் இருந்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். இடுப்பில் அல்லது பையில் 15 கிராம் சர்க்கரைப் பொட்டலம் மூன்று, ஈரமும் எறும்பும் ஏறாமல் பிளாஸ்டிக்கில் கட்டி வைத்திருங்கள். வெறும் வயிற்றில் மது குடித்தால் கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவது நின்றுபோகும், அது ராத்திரியில் மிக ஆபத்து.

உடுப்பு நனையும் வியர்வை, கெட்ட கனவு, காலையில் தலைவலி இருந்தால் தூக்கத்தில் இறங்குகிறது என்று சந்தேகப்படுங்கள். ஓரிரு இரவு மூன்று மணிக்கு எழுந்து பார்த்து, எண்ணை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். முதுமையிலும், வேறு பெரிய நோய் இருக்கும்போதும் மூன்று மாதச் சராசரியை (HbA1c பரிசோதனையில் சதவீதமாக வரும் எண்) 7க்குக் கீழே இறக்க வேண்டியதில்லை. 8 வரை இருக்க விடுவதே பாதுகாப்பு என்று பல மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்.

இன்சுலின்: சூடும் அளவும்

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின், பனி இளகிய பிறகும் பயன்படாது. குளிர்சாதனப் பெட்டியில் உறைபெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் கதவுப்பக்கத் தட்டில் வையுங்கள். மின்சாரம் போனால் பனிக்கட்டி மேல் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். திறந்த குப்பியை அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துப் பயன்படுத்தலாம். திறந்த தேதியை ஒட்டி எழுதிவிடுங்கள்.

பெட்டி இல்லாத வீடுகளுக்கு மண்பானை. பெரிய பானைக்குள் சிறிய பானை, இடைவெளி முழுக்க மணல். காலையும் மாலையும் மணலுக்குத் தண்ணீர் ஊற்றி, வாயை ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுச் சிறிய பானைக்குள் வையுங்கள். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் உள்ளே குளிர்கிறது. காற்று வறண்டிருக்கும் ஊர்களில் இது அருமையாக வேலை செய்யும், காற்றில் ஈரம் மிகுந்த கடலோரங்களிலும் மழைக்காலத்திலும் அந்த அளவுக்குக் குளிராது. சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே போட்டுப் பார்த்தால் சந்தேகம் இருக்காது. கென்யாவின் தாதாப் அகதி முகாமில் வீடுகளுக்குள் அளந்த வெப்பநிலைகளை அடிப்படையாக வைத்து, 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் வைத்த இன்சுலினை ஆராய்ந்து 2021இல் ஒரு ஆய்வு வெளியானது. அந்த இன்சுலினின் வீரியம் குளிரில் வைத்ததற்கு ஈடாகவே இருந்தது. அதனால் ஒரு நாள் மின்சாரம் இல்லையென்று குப்பியைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்த குப்பி அப்படியில்லை, அதன் சூடு 37ஐத் தாண்டி எங்கோ போய்விடும். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினாலோ, பால் போல இருக்க வேண்டியது உருட்டிய பிறகும் கட்டிகட்டியாகவோ, குப்பிச் சுவரில் ஒட்டியோ நின்றாலோ அதைப் பயன்படுத்தக் கூடாது. கலங்கல் வகையைக் குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையில் பத்து முறை உருட்டி, பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

அடுத்தது, உயிரோடு விளையாடும் ஒரு குழப்பம். சில நாடுகளில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும், 100 யூனிட் உள்ள குப்பியும் இரண்டுமே விற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சிரிஞ்சு வேறு. பொதுவாக 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40க்கான சிரிஞ்சில் ‘20’ கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. தலைகீழாக, 40 குப்பியிலிருந்து 100க்கான சிரிஞ்சில் ‘20’ வரை இழுத்தால் வெறும் 8 யூனிட். மருந்துக்கடையில் வாங்கும்போதே குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஊசி போடும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் கொழுப்புக் கட்டி உண்டாகி, அங்கே போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. காரணமே இல்லாமல் சர்க்கரை ஆடுகிறது என்பவர்கள் முதலில் வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். கட்டி இல்லாத இடத்துக்கு மாறும்போது அதே அளவு அதிகமாகிவிடலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துத் தொடங்குங்கள். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, முக்கால் நிரம்பியதும் மூடி சுகாதார நிலையத்தில் கொடுங்கள். குப்பைமேட்டில் கிடக்கும் ஊசி அடுத்தவர் காலில்தான் ஏறும்.

மாத்திரையோ ஊசியோ, இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். மழை, வண்டி இல்லாமை, கடையில் தட்டுப்பாடு எல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

கொஞ்சம் ஸ்ட்ரிப்பை வைத்து நிறையத் தெரிந்துகொள்ள

கருவியில் செருகும் ஸ்ட்ரிப் மாதம் பத்துதான் வாங்க முடியும் என்றால் தினமும் காலையில் ஒன்று என்று தீர்த்துவிடாதீர்கள். இரண்டை ‘லோ’ சந்தேகத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சம் எட்டையும் ஜோடியாகச் செலவிடுங்கள். ஒரே சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த வாரம் காலைச் சாப்பாடு, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து இரவு, நான்காம் வாரம் எதில் அதிகம் ஏறியதோ அதையே திரும்ப. எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். பலருக்கும் பொருந்தும் இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, இரண்டு மணி நேரம் கழித்து 180க்குக் கீழே. இன்சுலின் போடுபவர்களுக்குப் பத்து ஸ்ட்ரிப் போதாது, அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குத்துங்கள். பழம் உரித்த விரலில் எடுத்த ரத்தம், இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பியை எடுத்த கையோடு மூடுங்கள், ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும்.

ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் மூன்று மாதச் சராசரி, உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அந்த எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால் ‘லோ’ ஆகும். சோகை இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, வீட்டுக் குறிப்பேட்டையும் காட்டுங்கள்.

தட்டு

தனிச் சமையல் தேவையில்லை, குடும்பம் சாப்பிடுவதையே சாப்பிடலாம். விகிதம்தான் மாற வேண்டும். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், மிச்சக் கால் பங்கு தானியம் அல்லது கிழங்கு. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் தானியத்துக்கு வந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை குறைவாக ஏறும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் குறையும். பகலில் பாடுபட்டாலும் இரவில் நிறையச் சாப்பிட்டு உடனே படுப்பவருக்குக் காலை எண் இறங்காது.

காய்ச்சல், வாந்தி வந்த நாள்

சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை முழுதாக நிறுத்துவதுதான் இந்த நாளில் நடக்கும் பெரிய தவறு. காய்ச்சல் சர்க்கரையை ஏற்றும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைத் தொடர வேண்டும், அளவை மட்டும் போனில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சோதித்து, மணிக்கு ஒரு தம்ளர் என்று சிறுகச் சிறுகத் தண்ணீர் குடியுங்கள். சாப்பாடே இறங்காமல் சர்க்கரையும் குறைவாக இருந்தால் அந்தத் தண்ணீரில் சர்க்கரை கலந்திருக்கட்டும்.

வாந்தியும் பேதியும் நிற்காத நாட்களில் மெட்ஃபார்மினையும், டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். உடம்பில் நீர் வற்றும்போது முதல் வகை அமிலத்தைச் சேர்க்கலாம். இரண்டாம் வகையில் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தம் அமிலமாகலாம். உடல்நலம் நன்றாக இருக்கும்போதே இதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான வேக மூச்சு, மூச்சில் பழவாசம், வயிற்றுவலி, தூங்கித் தூங்கி விழுவது, எண் 300க்கு மேலேயே நிற்பது, தண்ணீர்கூட நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

தூக்கம், மனம், சொல்லக் கூசும் விஷயங்கள்

இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் முதல் சந்தேகம் சர்க்கரை 180ஐத் தாண்டி நிற்கிறது என்பது. அந்த அளவுக்கு மேலேதான் சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கி, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவதும் ராத்திரியில் கூடும். இதற்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின் போன்ற மருந்துகள் தனியாக உண்டு, சாதாரண வலி மாத்திரை பயன் தராது. உடல்வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை வேலை நாளெல்லாம் போடும் பழக்கம் சிறுநீரகத்தைப் பாழாக்கும், சர்க்கரை நோயாளிக்கு இன்னும் சீக்கிரம். தவிர்க்க முடியாத வலிக்குப் பாராசிட்டமால் போதும். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு பி12 குறைந்தும் கால் மரக்கும். அது ரத்தத்தில் தெரியும், ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும்.

ஆண்மைக் குறைவு சர்க்கரை நோயில் மிகவும் சாதாரணம், சிகிச்சையும் உண்டு. பெண்களுக்குப் பிறப்புறுப்பில் திரும்பத் திரும்ப அரிப்பு வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, சர்க்கரை அடங்காமல் அதுவும் அடங்காது. இரண்டையும் வருடக்கணக்கில் மறைத்து வைத்து, தம்பதிகள் பேச்சே குறைந்துபோன வீடுகள் உண்டு. சுகாதாரப் பணியாளரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? பாதி நாளுக்கு மேல் ‘ஆம்’ என்றால் உதவி தேடுங்கள். வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கவளத்துக்கும் ‘இதைச் சாப்பிடலாமா?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, அதே தட்டு விகிதத்தில் தாங்களும் உட்கார்ந்து சாப்பிடலாம். கண்காணிக்கப்படுகிறோம் என்று தோன்றினால் நோயாளி ஒளித்துச் சாப்பிடுவார், எண்ணையும் மறைப்பார்.

சர்க்கரை நோயை அடியோடு தீர்க்கும் என்று விற்கும் பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மருந்தே கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதையும் உங்கள் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் திடீரென்று ‘லோ’ ஆகலாம். எந்தப் பொடி சாப்பிட்டாலும் டப்பாவை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரே பயணத்தில் எல்லாம்

பயணச் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது என்பதால் வருடப் பரிசோதனைகளை ஒரே நாளில் முடிக்கும்படி முன்பே கேட்டுத் தேதி வாங்குங்கள். கண்மணியை விரித்துப் பார்க்கும் கண் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், கால், பல் ஈறு. கண் நன்றாகத் தெரிகிறதே என்று கண் பரிசோதனையை விடக் கூடாது. விழித்திரையில் ரத்தம் கசிவது பார்வை குறைவதற்கு வெகு முன்பே தொடங்கும், அப்போது லேசர் போட்டால் பார்வை தங்கும். சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஒருவர் வேண்டும். மூன்று மாதச் சராசரி மட்டும் மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அன்றே சளிப் பரிசோதனையும் கேளுங்கள், காசநோய் வரும் வாய்ப்பு சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: குறிப்பேடு, எல்லா மாத்திரை அட்டைகளும், இன்சுலின் குப்பியும் சிரிஞ்சும், தினமும் வேலைக்குப் போடும் செருப்பு. வரும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கடின வேலை நாளில் மருந்து எவ்வளவு, காய்ச்சல் நாளில் எதை நிறுத்துவது, எனக்கான இலக்கு எண் எது, அவசரத்துக்கு எந்த எண்ணில் அழைப்பது. அந்தத் தாளின் ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் உடன் வேலை செய்பவரிடம் இருக்கட்டும்.